பதினேழாம் இதழும் குசினிக் கூரையும்

தில்லைநாதன் சபதம் எடுத்தான்.

போகிற போக்கில் வாயால் சொல்லிவிட்டுப் போன சபதம் இல்லை. முற்றத்தின் நடுவில் நின்று, சாரத்தை மடித்துக் கட்டி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கிக் காட்டி எடுத்த சபதம். வேலிக்கு அப்பால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த பரமலிங்கம், வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்ட சபதம். ஆகவே சாட்சியும் உண்டு.

"இந்த ரெண்டு கையும் இந்த மாரிக்குக் கிடுகு தொடாது. கூரையும் இல்லை, வேலியும் இல்லை. என்ரை அலுமாரியிலை இருந்து ஒரு புத்தகம் வெளியிலை போகாது. வானம் இடிஞ்சு விழுந்தாலும் சரி."

"வானம் விழாதப்பா" என்றாள் பத்மாசனி, அரிசி களைந்துகொண்டே. "மழைதான் விழும். அதுவும் நேரே சோத்துப் பானைக்குள்ளை."

அவள் சொன்னதில் பொய் இல்லை. கிளிநொச்சிக் குடியேற்றத்தில் அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீடு ஓட்டு வீடு. குசினி மட்டும் தனியே பின்னால், தென்னோலை பின்னிய கிடுகுக் கூரை. வருடா வருடம் வேய வேண்டிய கூரையைத் தில்லைநாதன் போன வருடமும் வேயவில்லை, அதற்கு முந்தின வருடமும் வேயவில்லை. பகலில் குசினித் தரையெல்லாம் வெயில் காசு காசாகக் கொட்டிக் கிடக்கும். போன மாரியில் பத்மாசனி ஒரு கையில் அகப்பையும் மறு கையில் குடையும் பிடித்துக் கறி வைத்தாள்.

ஆவணி மாதம் பிறந்ததும் அவள் இரண்டு வழி சொன்னாள். ஒன்று, கூரையை வேய்வது. அல்லது, அலுமாரியிலிருந்து அந்தப் பழைய புத்தகங்களை இறக்கிவிட்டு அரிசி, மா, மிளகாய்த்தூள் எல்லாவற்றையும் அதற்குள் வைக்க விடுவது. அலுமாரி அவளுடைய சீதனத்தில் வந்தது என்பதையும், அதற்குள் ஒன்பது வருடமாக அவளுடைய ஒரு சேலைகூட வைக்க இடம் கிடைத்ததில்லை என்பதையும் அவள் ஞாபகப்படுத்தினாள். கலியாணக் கூறைச் சேலை இன்னும் றங்குப் பெட்டிக்குள்தான் கிடக்கிறது என்றாள். கூரைக்குப் பிறகு வடக்கு வேலியையும் ஒருக்காப் பார்த்தால் நல்லது என்று கடைசியாகச் சேர்த்தாள்.

அதற்குப் பதில்தான் அந்தச் சபதம்.

பத்மாசனி அரிசியை வடித்துப் பானையில் போட்டாள். "சரி" என்றாள்.

அவள் "சரி" என்று சொன்னால் விசயம் முடிந்தது என்று தில்லைநாதன் நினைத்தான். கலியாணம் செய்து ஒன்பது வருடமாகியும் அவன் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தான்.

அந்த அலுமாரிக்குள் என்ன இருந்தது என்று சொல்ல வேண்டும். 'கருங்கண்ணாடி' என்று ஒரு துப்பறியும் மாத இதழ். சென்னைப் பட்டணத்தில் அச்சாகி, கடல் கடந்து, யாழ்ப்பாணத்துக்கு வந்து, அங்கிருந்து றெயிலேறிக் கிளிநொச்சிக்கு வரும். அட்டையில் எப்போதும் ஒரு பிணம். பிணத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பாள். பின்னால் கறுப்புக் கண்ணாடி போட்ட துப்பறிவாளர் சந்திரவதனன் இருவரையும் பார்த்தபடி யோசிப்பார். மொத்தம் அறுபது இதழ் வந்தது. பிறகு பத்திரிகை நின்றுபோய் ஐந்து வருடம். கடைகளில் இப்போது ஒன்றும் கிடையாது.

தில்லைநாதனிடம் ஐம்பத்தொன்பது இருந்தன. ஒவ்வொன்றுக்கும் மண்ணிறத் தாளில் உறை. இடையிடையே கறையானுக்கு வேப்பிலை. தட்டில் ஒன்று முதல் பதினாறு வரை நெருக்கமாக நிற்கும். பிறகு ஒரு விரற்கடை இடைவெளி. பிறகு பதினெட்டு முதல் அறுபது வரை. விழுந்த முன்பல்லின் இடம் போல அந்த இடைவெளி அவனைப் பார்த்து இளிக்கும்.

பதினேழாம் இதழ் வந்தது அவனுடைய கலியாண மாதத்தில். மாலையும் மேளமும் சொந்தக்காரருமாய் ஆள் அமளிப்பட்டதில் வாங்க மறந்துபோனான். சாதாரண இதழ் என்றால் மனதை ஆற்றிக்கொள்ளலாம். பதினாறில் தொடங்கிய 'பன்னீர்ப் பங்களாப் பிணம்' பதினேழில்தான் முடிகிறது. பதினாறின் கடைசி வரி இது: "'கொலைகாரன் இந்த அறைக்குள்தான் நிற்கிறான்' என்று சொல்லிக்கொண்டே சந்திரவதனன் மெதுவாகத் திரும்பினார்."

ஒன்பது வருடமாக அந்த மனிசன் திரும்பிக்கொண்டே நிற்கிறார்.

தில்லைநாதன் தேடாத இடம் இல்லை. கனகராயன்குளத்தில் இளைப்பாறிய தபாலதிபர் ஒருவரிடம் பழைய புத்தகம் இருக்கிறதென்று கேள்விப்பட்டுச் சைக்கிளில் போனான். அவர் வைத்திருந்தது தந்திக் கட்டண விபரம். புதுக்குடியிருப்பில் சலூன்காரனிடம் கேட்டான். கேட்ட குற்றத்துக்குத் தலைமயிரைக் கொடுத்துவிட்டு வந்தான். கொக்கிளாயில் யோசெப் என்ற மீன்பிடிச் சம்மாட்டியின் வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கிறதென்று யாரோ சொல்ல, பஸ் மாறி மாறி ஒரு நாள் முழுக்கப் பயணம் போனான். பெட்டி இருந்தது. உள்ளே தேவாலயப் பாட்டுப் புத்தகங்கள். யோசெப் நல்ல மனிதர். வெறுங்கையோடு அனுப்பக் கூடாதென்று ஒரு பொதி திரளிக் கருவாடு கொடுத்து அனுப்பினார். பஸ்ஸில் தில்லைநாதனுக்குப் பக்கத்தில் ஒருவரும் இருக்கவில்லை.

இது ஆள். இதுதான் அவனுடைய நோய். இனிக் கதைக்கு வருவோம்.

சபதம் எடுத்தது வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமை காலை பத்மாசனி சந்திக் கடையிலிருந்து கடுகு வாங்கி வந்து, பொட்டலமாய்க் கட்டிய சரையைக் குசினி வாசலில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்குப் போனாள். கடுகு சுற்றிய தாளில் தில்லைநாதனின் கண் தற்செயலாய் விழுந்தது. பக்கத்தின் தலையில் சின்ன எழுத்தில் ஒரு வரி.

கருங்கண்ணாடி - 17.

அவன் சரையை மெல்லப் பிரித்தான். பக்கம் மூன்று. மறுபுறம் நான்கு. முதல் வரியில் சந்திரவதனன் திரும்பி முடித்திருந்தார்.

பத்மாசனி வாளியோடு திரும்பி வந்தபோது கடுகு தரையெல்லாம் சிந்திக் கிடந்தது. தில்லைநாதன் அதன் நடுவில் குந்தியிருந்தான். தாள் அவனுடைய சேட்டுக்குள் இருந்தது.

"என்னப்பா செய்யிறியள்?"

"கடுகு பாக்கிறன். நல்ல கடுகு."

"ஓம்" என்றாள் பத்மாசனி. "கறுப்பா உருண்டையா இருக்கு, என்ன?"

அவன் சேட்டை இழுத்து விட்டுக்கொண்டான். மனிசிக்குத் தெரிந்தால் காரியம் கெட்டுப்போகும் என்று தீர்மானித்திருந்தான். சைக்கிளை எடுத்தான். சந்திக்கு மிதித்த மிதியில் இரண்டு கோழி உயிர் தப்பியது பெரிய காரியம்.

சந்திக் கடை அப்புத்துரையுடையது. பருத்த உடம்பு. கடைக்குள் ஒரு மரப் பெட்டியின் மேல் சாக்கைப் போட்டு அதன் மேல் இருப்பார். சரை சுற்றும் தாளெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான். தாள் வேண்டுமென்றால் ஒரு பக்கமாய்ச் சரிந்து, கையை மட்டும் உள்ளே விட்டு, ஒன்றை உருவுவார். அவர் எழுந்து நின்று ஊரில் ஒருவரும் கண்டதில்லை.

"அண்ணை, உந்தத் தாள் எங்காலை வந்தது?"

"எந்தத் தாள், தம்பி?"

"கடுகு சுத்தின தாள்."

"கடுகிலை என்ன குறை?"

"கடுகை விடுங்கோ. தாளைக் கேக்கிறன்."

அப்புத்துரை அவனை மேலும் கீழும் பார்த்தார். "பதினெட்டு வருசமாக் கடை வைச்சிருக்கிறன். சாமானைக் குறை சொன்னவை கனபேர். தாளைக் குறை சொல்ல வந்த முதல் ஆள் நீ."

குறை இல்லை, அந்தப் புத்தகத்தின் மிச்சத் தாள் முழுக்கத் தனக்கு வேண்டும், என்ன கேட்டாலும் தருகிறேன் என்று தில்லைநாதன் சொல்லிப் பார்த்தான். அப்புத்துரை தலையை ஆட்டினார். வெறுந்தாள் விற்றால் கடைக்கு ஆகாது என்றார். ஒருமுறை விற்றார், அந்தக் கிழமையே சீனி மூட்டைக்குள் எறும்பு புகுந்தது என்றார். எழும்பித் தேடித்தரவும் முடியாது, முழங்கால் விடாது என்றார்.

"சாமானை வாங்கு. தாள் தானாய் வரும்."

தில்லைநாதன் வெந்தயம் வாங்கினான். அப்புத்துரை சரிந்து, கையை விட்டு, ஒரு தாளை உருவினார். பக்கம் ஐந்து, ஆறு.

அன்றிலிருந்து அந்தக் குடியேற்றத்தில் ஒரு அதிசயம் நடந்தது. ஒன்பது வருடமாகக் கடைப் பக்கம் போகச் சொன்னால் முதுகு பிடித்துவிட்டதென்று படுக்கிற மனிசன், விடிந்ததும் சேட்டைப் போட்டுக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றான்.

"கடையிலை ஏதும் வேணுமே?"

"நேற்றும் போனியள்."

"நேற்றுப் போனது நேற்று."

"உங்களுக்கேன் கரைச்சல். நான் பொழுதுபடப் போறன்."

"நீ ஏன் போவான்? நான் இருக்கிறன். சொல்லு, என்ன வேணும்?"

பத்மாசனி கொஞ்சம் யோசிப்பாள். வேண்டாம் வேண்டாம் என்பாள். பிறகு மனமில்லாமல் சொல்வது போல ஒவ்வொன்றாய்ச் சொல்வாள். சீரகம். மல்லி. பெருஞ்சீரகம். உள்ளி. ஒரே சரையில் சுற்றிவிடாதபடி எல்லாவற்றையும் தனித்தனியே கட்டச் சொல்ல வேண்டுமென்று தில்லைநாதன் போகும் வழியெல்லாம் தனக்குள் சிரித்துக்கொண்டு போவான். மனிசியையும் ஏமாற்றியாயிற்று, கடைக்காரனையும் ஏமாற்றியாயிற்று. சந்திரவதனனே எழுந்து வந்து கைகொடுக்க வேண்டிய மூளை.

கதையும் வேகம் பிடித்தது. சீரகத்தில் சமையற்காரன் குற்றவாளி இல்லையென்று ஆயிற்று. மல்லியில் நொண்டி மாமனின் பெட்டிக்குள் இரத்தம் துடைத்த லேஞ்சி அகப்பட்டது. உள்ளியில் நொண்டி மாமனே செத்துப்போனார். மஞ்சள் சுற்றி வந்த தாளை அவன் நனைத்துத் துடைத்து, சூடாக்கிய பித்தளைச் செம்பால் அழுத்தி, அரிசிக் கஞ்சி தொட்டு ஓரம் ஒட்டி, அலுமாரியில் அந்தப் பல்லுப் போன இடத்தில் வைத்தான். இடைவெளி மெல்ல மெல்ல நிரம்பியது.

பக்கத்து வீட்டுப் பரமலிங்கத்திடம் மட்டும் அவனால் மறைக்க முடியவில்லை. இப்படி ஒரு வெற்றியை யாருக்காவது காட்டத்தானே வேண்டும். தாள்களை வேலிக்கு மேலால் நீட்டினான்.

"நல்லா மணந்து பார் மச்சான். மஞ்சள் மணத்துக்குக் கீழாலை இன்னொரு மணம் வருது."

பரமலிங்கம் மணந்தான். "பூச்சி உருண்டை."

"அதுதான். இந்தப் புத்தகம் பட்டுச் சேலையோடை ஒரு பெட்டிக்குள்ளை கிடந்திருக்கு. இஞ்சை பார், ஓரத்தைப் பார். கிழிச்ச தாள் இல்லை. ஊசியைக் கழட்டி வடிவா எடுத்திருக்கு. அப்ப இது ஆற்றை புத்தகம்? யாழ்ப்பாணத்து ஆள். வசதியான வீடு. பொறுமையான ஆள். ஒரு சாமானை எறியாத ஆள். கட்டாயம் ஆம்பிளை."

"அதெப்பிடி ஆம்பிளை?"

"பொம்பிளையளுக்கு இவ்வளவு பொறுமை வராது."

பரமலிங்கம் தாள்களைத் திரும்பவும் புரட்டினான். மூன்று, ஐந்து, ஏழு, ஒன்பது. "மச்சான், சரை சுத்திற தாள் எங்கையாவது இப்பிடி வரிசையா வருமே?"

"அதுக்குத்தான் ராசி எண்டு பேர்" என்றான் தில்லைநாதன்.

இரண்டாம் கிழமை பத்மாசனிக்கு வேண்டிய சாமான் கொஞ்சம் மாறியது. ஒருநாள் ஆணி என்றாள். தில்லைநாதன் ஏன் என்று கேட்க வாயெடுத்தான். ஆணியும் தாளில் சுற்றித்தான் வரும் என்பது மூளையில் மின்னியது. வாயை மூடிக்கொண்டு சைக்கிளை எடுத்தான். மறுநாள் கட்டுக்கயிறு. அதற்கு மறுநாள் இன்னும் கட்டுக்கயிறு. இவ்வளவு கயிற்றை வைத்து அவள் என்ன செய்யப் போகிறாள் என்ற கேள்வி மனதின் ஒரு மூலையில் எழுந்தது. ஆனால் அன்றைக்கு வந்த பக்கத்தில் டாக்டர் தன் பையைத் திறக்க மறுத்துவிட்டார். அந்தக் கேள்வியை நினைக்க யாருக்கு நேரம்?

ஒரு புதன்கிழமை ஐம்பத்தாறாம் பக்கம் வந்து சேர்ந்தது. அறுபத்து நாலு பக்கம் கொண்ட இதழ். சந்திரவதனன் எல்லாரையும் பன்னீர்ப் பங்களாவின் மண்டபத்தில் கூட்டி, கதவைச் சாத்தி, கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கிவிட்டார். டாக்டர் வியர்வையைத் துடைத்தார். கணக்கப்பிள்ளை நகம் கடித்தார். விதவைத் தங்கை ஜன்னலைப் பார்த்தாள். இன்னும் நாலே நாலு தாள்.

வியாழன் காலை தில்லைநாதன் கடை திறக்க முன்னமே போய் நின்றான். கசாயத்துக்கு வேர்க்கொம்பு கேட்டான். அப்புத்துரை வேர்க்கொம்பை நிறுத்தார். சரிந்தார். கையை விட்டார். கை வெறுமையாய் வந்தது.

அப்போது அந்தப் பெரிய காரியம் நடந்தது. அப்புத்துரை எழும்பினார்.

முழங்காலில் கையூன்றி, முனகி, மெதுவாக எழும்பி நின்று, பெட்டியைத் திறந்து காட்டினார். பெட்டி வெறும் பெட்டி.

"முடிஞ்சுது தம்பி."

"முடிஞ்சுதோ? இன்னும் நாலு தாள் கிடக்குதண்ணை."

"கிடந்தது. நேற்றுப் பொழுதுபட உன்ரை மனிசி வந்தவா. விதை சுத்திவைக்கத் தாள் இருக்கோ எண்டு கேட்டவா. கடைசியாய்க் கிடந்ததைக் குடுத்தன்."

தில்லைநாதன் வீட்டுக்கு வந்த வேகத்தில் சைக்கிளை நிறுத்தவில்லை. அது தானாகப் போய் வாழையில் சாய்ந்தது.

பத்மாசனி முற்றத்தில் சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள்.

"விதை சுத்தினியாம்?"

"ஓம். கத்தரி, பாகல், பயித்தை, பூசணி. மாரிக்குப் போட வேணுமெல்லே."

"சுத்தின சரை எங்கை?"

"எங்கை வைக்கிறது? அலுமாரியிலை இடமில்லை. குசினிக் கூரையிலை செருகியிருக்கிறன். புகை பட்டால் பூச்சி பிடியாது."

"கூரையிலை எந்த இடம்?"

பத்மாசனி சுளகை நிறுத்திக் கூரையைப் பார்த்தாள். கண்ணைச் சுருக்கி நன்றாக யோசித்தாள். "அங்கையொண்டு இங்கையொண்டு செருகினனான். வடிவா ஞாபகம் இல்லை."

தில்லைநாதன் ஏணியைச் சாத்தி ஏறினான். முதலில் கையை விட்டுத் தடவினான். கரி வந்தது. பல்லி வந்தது. போன வருடம் தொலைந்த கரண்டி வந்தது. சரை வரவில்லை. ஒரு கிடுகை மட்டும் கழற்றிப் பார்ப்போம் என்று கழற்றினான். அதற்குக் கீழேயும் இல்லை. இன்னொன்றைக் கழற்றினான். உக்கிய கிடுகு தானே, இழுத்தால் வந்தது. ஒரு வரிசை போயிற்று. இரண்டாம் வரிசையில் கத்தரி விதை இருந்தது. பக்கம் ஐம்பத்தேழு, ஐம்பத்தெட்டு. ஏணியில் நின்றபடியே வாசித்தான். டாக்டர் அழுதுகொண்டு உண்மையைச் சொன்னார், அவர் இல்லை. பிறகு அவன் கை நிற்கவில்லை. மேற்குப் பக்கம் முழுக்கப் போனபோது பாகல் விதை கிடைத்தது. கணக்கப்பிள்ளையும் இல்லை. முகட்டுக்கு ஏறி மற்றப் பக்கம் இறங்கினான். கிழக்குப் பக்கம் பாதி போனபோது பயித்தை விதை கிடைத்தது. பக்கம் அறுபத்தொன்று, அறுபத்திரண்டு. கடைசி வரி: "கொலைகாரனின் தோளில் சந்திரவதனன் கையை வைத்தார்."

இன்னும் ஒரே ஒரு தாள். பூசணி விதை.

பத்து மணிக்குக் குசினிக்குக் கூரை இல்லை. வெறும் வளையும் மரமும் எலும்புக்கூடாய் நின்றன. பூசணி விதையும் இல்லை. தில்லைநாதன் முகட்டு வளையில் கால் இரண்டையும் தொங்கவிட்டு, தலை முதல் கால் வரை கரியாய் இருந்தான். அப்போதுதான் இரணைமடுப் பக்கம் பார்த்தான். குளத்துக்கு மேலே வானம் பானையடி போலக் கறுத்துக்கொண்டு வந்தது.

படலை திறக்கிற சத்தம் கேட்டது. பரமலிங்கமும் இன்னும் மூன்று பேரும் இடுப்பில் கத்தியோடு உள்ளே வந்தார்கள்.

"என்னடாப்பா?" என்றான் தில்லைநாதன் மேலேயிருந்து.

"வேய்ச்சல் எண்டு அக்கா போன கிழமையே சொன்னவா. வியாழக்கிழமை பத்து மணிக்கு வரச் சொன்னவா." பரமலிங்கம் அண்ணாந்து பார்த்தான். "பழசை நீயே கழட்டிப் போட்டியே? நல்ல வேலை செய்தாய் மச்சான். எங்களுக்குப் பாதி வேலை மிச்சம்."

"கிடுகு இல்லையே" என்றான் தில்லைநாதன். அவன் குரலில் ஒரு நம்பிக்கை இருந்தது.

பத்மாசனி எழுந்து வைக்கோல் பட்டடைக்குப் பின்னால் போய், மூடியிருந்த சாக்குகளை இழுத்தாள். புதுக் கிடுகு. நனைத்து, பதமாய், கட்டுக் கட்டாய் அடுக்கியிருந்தது. பளையிலிருந்து அவளுடைய தமையன் போன கிழமை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனதாம். அன்றைக்குத் தில்லைநாதன் கட்டுக்கயிறு வாங்கப் போயிருந்தானாம்.

"நான் தொடமாட்டன்" என்றான் தில்லைநாதன். முகட்டில் இருந்தபடியே இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டினான். "சபதம் எண்டால் சபதந்தான். இந்த ரெண்டு கையும் கிடுகு தொடாது."

பத்மாசனி அவனுடைய கைகளைப் பார்த்தாள். முழங்கை வரை கிடுகுக் கரி.

"காலமை முழுக்க என்னத்தைத் தொட்டனியள்?"

"அது பழைய கிடுகு."

முதல் துளி அவன் மூக்கில் விழுந்தது. இரண்டாவது துளி கீழே அடுப்பில் விழுந்து சீறியது. சாட்சிக்காரன் பரமலிங்கம் ஒரு கட்டுக் கிடுகைத் தோளில் வைத்துக்கொண்டு ஏணியடியில் நின்றான். எல்லாரும் மேலே பார்த்தார்கள்.

"சரி, எறி" என்றான் தில்லைநாதன். "ஆனால் நான் கயிறுதான் கட்டுறன். கிடுகு தானாய் வந்து கையிலை படுகுது."

மழை அன்றைக்கு வேய்ச்சல்காரருக்குத் தயவு காட்டியது. இரண்டு துளியோடு குளத்துப் பக்கமே நின்று யோசித்துக்கொண்டிருந்தது. பின்னேரம் கடைசி வரிசை முகட்டில் ஏறியது. ஆணி சரியாகப் போதுமாயிற்று. கட்டுக்கயிறு ஒரு முழம்தான் மிச்சம். பத்மாசனி வந்தவர்களுக்குச் சோறும் பருப்பும் கத்தரிக்காய்ப் பால்கறியும் கொடுத்தாள். கறியில் வெந்தயம் தாராளமாய் இருந்தது. அவர்கள் போய்ச் சேரவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது.

தில்லைநாதன் குளித்துவிட்டு வந்து புதுக் கூரைக்குக் கீழே நின்றான். ஒரு துளி விழவில்லை. அதைப் பார்க்க அவனுக்குக் கோபம் வந்தது.

"பூசணி விதை எங்கை?"

பத்மாசனி ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள். இடுப்பிலிருந்து திறப்பை எடுத்துக்கொண்டு வீட்டுக்குள் போனாள். அவன் பின்னால் போனான். அவள் றங்குப் பெட்டியைத் திறந்தாள். பூச்சி உருண்டை மணம் அறை முழுக்கப் பரவியது. தில்லைநாதனின் மூக்குக்கு அந்த மணம் நன்றாகப் பழகிப்போயிருந்தது. கூறைச் சேலையின் ஒரு மூலையை அவள் தூக்கினாள். கீழே ஒரு அட்டை. அட்டையில் ஒரு பிணம், வாயைப் பொத்திய ஒரு பெண், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு மனிதர். பதினேழு என்ற எண். அட்டையோடு, கதை தொடங்க முந்தின முதல் தாளும் கடைசித் தாளும்.

அவன் கையை நீட்ட முன் சேலை விழுந்தது. மூடி விழுந்தது. திறப்பு இடுப்புக்குப் போயிற்று.

தில்லைநாதன் கட்டிலில் தொப்பென்று இருந்தான்.

"இது உனக்கு எங்காலை?"

"கலியாணத்துக்கு முந்தி வாங்கினது. தரகர் வந்து, மாப்பிள்ளை தங்கமான பொடியன், கள்ளு இல்லை, சுருட்டு இல்லை, கருங்கண்ணாடி எண்டு ஒரு புத்தகம்தான் வாசிப்பார் எண்டு சொன்னவர். அது என்ன சாமான் எண்டு பாப்பம் எண்டு அண்ணையைக் கொண்டு ஒண்டு எடுப்பிச்சன்."

"வாசிச்சனியே?"

"ரெண்டு தரம். ஆள் எப்பிடி எண்டு விளங்கிச்சுது. மற்றதுகள் தேவைப்படேல்லை."

"அப்ப அப்புத்துரையண்ணையின்ரை பெட்டிக்குள்ளை?"

"நான்தான் ஊசியைக் கழட்டிக் குடுத்துவிட்டனான். வரிசையாய் வை அண்ணை, மனிசன் குழம்பிப் போடும் எண்டும் சொன்னனான்."

மழை ஓட்டில் சோவென்று அடித்தது. தில்லைநாதனுக்கு ஒன்பது வருடம் கண்ணுக்கு முன்னால் ஓடியது. பஸ், சைக்கிள், சலூன் கதிரை, திரளிக் கருவாடு.

"நான் தேடித் திரிஞ்சது உனக்குத் தெரியுந்தானே?"

"வன்னி முழுக்கத் தெரியும்."

"பிறகேன் ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

பத்மாசனி முதல் தரமாக அவனை நேரே பார்த்தாள். "கனகராயன்குளத்திலை கேட்டியள். புதுக்குடியிருப்பிலை கேட்டியள். கொக்கிளாயிலை மீன் பிடிக்கிற மனிசனையும் விடேல்லை. என்னை ஒருக்காலும் கேக்கேல்லையே."

பதில் இல்லாத இடத்தில் அவனுக்கு எப்போதும் வீரம்தான் வரும். எழுந்து நின்றான். சாரத்தை மடித்துக் கட்டினான்.

"இப்ப கேக்கிறன். எடு அந்தத் தாளை."

"எடுக்கலாம். வடக்கு வேலி விழுந்து கிடக்கு. பரமலிங்கத்தின்ரை மாடு நேற்றும் வாழைக்குள்ளை நிண்டது. மழை விட நாளைக்குக் கதியால் போட்டு அடைச்சியள் எண்டால்..."

"அது நடக்காது." கூரைச் சபதம்தான் போயிற்று, வேலிச் சபதம் இன்னும் முழுசாய்க் கிடக்கிறது என்பது அவனுக்கு ஞாபகம் வந்தது. நெஞ்சு நிமிர்ந்தது. "நல்லாக் கேட்டுக்கொள். கூரையிலை என்னை ஏமாத்திப்போட்டாய். வேலியிலை ஏலாது. ஒரு தாளுக்காகத் தில்லைநாதன் தலை குனியமாட்டான். ஒன்பது வருசம் பொறுத்தவன், இன்னும் ஒன்பது வருசம் பொறுப்பன். அந்தப் பெட்டிக்குள்ளையே அது உக்கட்டும்."

"சரி" என்றாள் பத்மாசனி.

வாசல் வரை போனவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பாவம், ஒன்பது வருசம் ஏன் பொறுக்கிறியள். நானே சொல்லிவிடுறன். அந்தக் கொலையைச் செய்தது..."

தில்லைநாதன் இரண்டு கைகளையும் தூக்கி, இரண்டு காதுகளுக்குள்ளும் இரண்டு விரல்களை அடைத்துக்கொண்டு, ஊருக்கே கேட்கிற குரலில் கேட்டான்: "வேலியை எந்த மூலையிலை துவங்கட்டும்?"